இருப்பதிலேயே லேசானது

“எடை கம்மியா இருக்கணும் தம்பி. ஆனா ஒரு உதை உதைச்சா நல்லா முன்னாடி போகணும்.”

முக்குளிப்புச் சாமான் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் கேட்டவருக்கு அறுபது வயதுக்குக் குறையாது. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, கழுத்தில் கழற்ற மறந்த அளவு நாடா. தையல்காரர்.

கடைக்காரர் காலில் மாட்டுகிற நீச்சல் துடுப்புகளில் மூன்று ஜோடியை எடுத்து அவர் காலடியில் பரப்பினார். பெரியவர் அவற்றை வாத்துக்கால் என்றார். இந்த வயதில் வாத்தாக வேண்டுமென்று தலையில் எழுதியிருக்கிறது என்று தானே சொல்லிச் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

முதல் ஜோடி கட்டை ரப்பர். நல்ல வேகம் கிடைக்கும், ஆனால் கணுக்கால் கழன்றுவிடும். இரண்டாவது, அகலம் குறைந்தது. கால் வலிக்காது, எதிர்நீரில் நகராது. மூன்றாவது புதிதாக வந்தது. மெல்லிய தகடு, குதிகாலில் சுருள்கம்பி வார். தூக்கினால் கையில் இருப்பதே தெரியாது.

பெரியவர் மூன்றாவதை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டினார். பாதம் மேலும் கீழும் போனது. முழங்கால் அசையவே இல்லை.

“பாதத்தால மிதிக்காதீங்க ஐயா. இடுப்புலேர்ந்து வரணும்.”

“நீச்சல் வாத்தியாரும் இதத்தான் சொல்லித் திட்டுறாரு. முப்பத்தெட்டு வருஷம் மிஷின் மிதிச்ச காலு, சொன்னாக் கேக்குதா?”

ஆறு மாதமாகப் பழகுகிறாராம். முதல் மாதம் சின்னக் குழந்தைகளோடு இடுப்பளவுத் தண்ணீரில். வீட்டில் தெரியாது. வாடிக்கையாளருக்கு அளவெடுக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வருகிறார்.

கடைக்காரர் குனிந்து வாரைச் சரிசெய்தார். “பேரப்பிள்ளைங்களோட போறீங்களா?” என்று பேச்சுக்குக் கேட்டார்.

 பெரியவர் துடுப்பின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இத மாட்டிக்கிட்டு, இன்னொரு ஆளையும் இழுத்துக்கிட்டு மேல வர முடியுமா தம்பி?”

கடைக்காரரின் கை வாரிலேயே நின்றது.

போன வருடம் ஏரியில் படகு கவிழ்ந்ததைப் பெரியவர் சொன்னார். பதினோரு பேர். பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள். கிடைக்காதது அவருடைய மகள். நான்கு நாள் தேடிவிட்டு, படகுக்குள் யாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

கடைக்காரர் அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தார். கரையில் அன்று நின்றவர்களில் எது இந்த முகம் என்று நினைவில்லை. அன்று எந்த முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

“அவங்களக் குத்தம் சொல்லல தம்பி. உள்ள ஒரே கும்மிருட்டாம். கண்ணால தேடுனா எப்படிக் கிடைக்கும்? நான் தடவிப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன். அவ போட்டிருந்தது நான் தைச்ச சட்டை. தோள்ல ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். படகு எங்க கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குள்ளதான் இருப்பா. வேற எங்க போயிருவா?”



நான்காம் நாள் படகுக்குள் இறங்கியவர் கடைக்காரர்தான். கூட வந்தவன் கலங்கலில் பிரிந்துபோனான். பெஞ்சுக்கு அடியில் கை வைத்தபோது ஒரு தோள் அகப்பட்டது. சட்டையைப் பற்றி இழுத்து வெளியே கொண்டுவந்தார். பாதி தூரம் மேலே வந்தும்விட்டார். அன்று அவர் காலில் இருந்தது கடையிலேயே வலுவான கட்டை ரப்பர். இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. முதுகுக் காற்று உருளையின் அளவு முள் சிவப்பைத் தொட்டது. அவர் உதைத்துப் பார்த்தார். இன்னொரு முறை உதைத்துப் பார்த்தார்.

பிறகு கையைத் திறந்தார்.

கீழே படகு இல்லை. அதற்குள் நீரோட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. அடியே, ஏரியாகும் முன்பு ஆறு ஓடிய பள்ளம், அளவு பார்க்கிற கயிறே எட்டாத ஆழம். அவள் அதற்குள் போய்க்கொண்டிருந்ததை அவர் கைவிளக்கு வெளிச்சம் தீரும்வரை பார்த்தார். கரையேறியதும் அதிகாரி, “உள்ள ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டார். படகுக்குள் யாரும் இல்லை என்றார் கடைக்காரர். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அன்று நினைத்தார். மறுநாள் தேடுதலை நிறுத்திவிட்டார்கள்.

பெஞ்சுக்கு அடியிலேயே விட்டு வந்திருந்தால், இந்த மனிதர் தடவிக் கண்டுபிடிக்க அங்கேயாவது இருந்திருப்பாள்.

“என்ன தம்பி, முடியுமா?” என்றார் பெரியவர் மறுபடி. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கேட்கிற பிள்ளையின் முகம்.

கடைக்காரர் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். குதிகாலுக்கும் வாருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். வாய் திறந்தது. ஐயா என்பதுவரை வந்தது.

“முடியும் ஐயா” என்றார். “இதையே எடுத்துக்கங்க.”