கிள்ளிய கை

கரும்பலகையில் 'கூலி' என்று எழுதிக்கொண்டிருந்தாள் சௌந்தரநாயகி. வெளியே அடிபம்பு பக்கம் யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்கள். சாக்பீஸ் தேய்ந்துவிட்டதே என்று வேறொன்று எடுக்கத் திரும்பியவள், ஆயா நாகரத்தினம் மடியில் கிடந்த குழந்தையின் தொடையில் நறுக்கென்று கிள்ளுவதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

குழந்தை வீறிட்டது. சத்துணவுக் கூடமே அதிர்ந்தது.

"அடிப்பாவி! நீதான் இத்தனை நாளும் அழவச்சதா?"

அந்தக் கூடத்தில் நடந்த முதியோர் கல்வி மையத்தில் சௌந்தரநாயகி டீச்சர். வயலிலிருந்து திரும்பும் பெண்கள் சாயங்காலம் அங்கே படிக்கும்போது, அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஆயாவின் வேலை. பார்த்துக்கொண்ட லட்சணம் இது!

ஒரு மாதமாகவே இந்தக் கூத்து. எழுத்துப் பாடம் நடக்கும்வரை காத்தாயியின் பிள்ளை சமர்த்தாகத் தூங்கும். பெண்கள் கூலியைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், பல நாள் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தும். அது ஓய்ந்த பிறகுதான் பேச்சை மறுபடி எடுக்க முடியும்.

பேசியே தீரவேண்டிய நேரம் அது. மறுநாள் தை அறுவடை. சர்க்கார் சட்டம் போட்ட கூலியை அளக்க முடியாது என்று பண்ணை அடம்பிடித்தது. அந்த அறுப்புக் கூலி நெல் வந்தால்தான் இந்தப் பெண்கள் வீட்டில் உலை கொதிக்கும். நாலு பேர் கூடினால் ஏன் கூடினீர்கள் என்று யாரும் கேட்காத இடம் ஊரில் இந்தக் கூடம் ஒன்றுதான்.

"பச்சப் பிள்ளையைக் கிள்ள எப்படி மனசு வந்துது உனக்கு? உன் புருஷன் பண்ணை டிராக்டர்தானே ஓட்டுறான்? இவங்களைப் பேச விடாம பண்ணுன்னு சொல்லி அனுப்பினாங்களா?"

நாகரத்தினம் சன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். குற்றமுள்ள தலை குனியத்தான் செய்யும் என்று நினைத்தாள் சௌந்தரநாயகி.

காத்தாயி எழுந்து வந்தாள். பெற்றவள், நாலு அறை விடுவாள் என்று பார்த்தால், "விடுங்க டீச்சர். எம் புள்ளதானே, ஒண்ணும் ஆயிடாது" என்றாள்.

"பெத்தவ பேசுற பேச்சா இது? பண்ணைன்னா அவ்வளவு பயமா?"

"இன்னிக்கி பாடம் போதும் டீச்சர். நாளைக்கி வச்சுக்குவோம்."

"முடியாது! நாகரத்தினம், நீ வெளியே போ. இனி இந்தப் படி ஏறாதே!"

குழந்தையை வெடுக்கென்று வாங்கித் தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள். நாகரத்தினம் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி இறங்கிப் போனாள். குழந்தை விசும்பி விசும்பித் தூங்கிவிட்டது.

சௌந்தரநாயகிக்குக் கோபம் அடங்கவில்லை. கோபம் வந்தால் அவளுக்குத் தன் குரலைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறாது.

"இப்பப் பேசுங்க. எந்தச் சனியனும் குறுக்கே வராது."

 பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தக் கோழைத்தனத்தைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, நானே சொல்றேன். சட்டக் கூலி அளக்கலேன்னா நாளைக்கு எவளும் குனியக் கூடாது. முதல்ல காத்தாயி அரிவாளைக் கீழ போடணும். அப்புறம் சவரியம்மா. அப்புறம் பாத்திமா மேரி. அப்படித்தானே முடிவு பண்ணினோம்?"

"மெதுவா டீச்சர்..." காத்தாயி கெஞ்சினாள்.

"எதுக்கு மெதுவா? நியாயத்தை உரக்கத்தான் சொல்லணும்!"

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வாய்க்கால் மதகில் அந்த மூன்று பெண்களும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். எதிரே வயலில் முகம் தெரியாத ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் பண்ணைக் கணக்குப்பிள்ளை முருகையன் சைக்கிளில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு?"

"விடியக்காலமே லாரியில வெளியூர் ஆள எறக்கிட்டான்." காத்தாயி வரப்புப் பக்கம் கையைக் காட்டினாள். "எங்க மூணு பேரயும் பேர் சொல்லிக் கூப்புட்டு, இனிமே பண்ணையில காலே வைக்கக் கூடாதுன்னுட்டான். யாரு மொதல்ல அருவாளப் போடுறதுன்னு வரிசையா ஒப்பிக்கிறான். நேத்தும் நம்ம சன்னலண்ட நின்னுருக்கான்."

"நேத்துமா? அப்போ எத்தனை நாளா நிக்கிறான்?"

"ஒரு மாசமா வந்து வந்து நிக்கிறான். சொன்னா நேரா போயி அவன் சட்டையப் புடிப்பீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்லல."

"ஒரு மாசமா நாம இதையேதானே பேசுறோம்! இத்தனை நாள் காதுல விழாதது நேத்து மட்டும் எப்படி விழுந்துச்சு?"

காத்தாயி விருட்டென்று எழுந்து நின்றாள்.

"நேத்து எம் புள்ளயக் கிள்ள ஆளில்லியே டீச்சர்!"