நடு ஸ்பீக்கர்

ஹோம் தியேட்டர் ரிசீவரின் தலையில் கை வைத்துப் பார்த்தான். சுட்டது.

இது மூன்றாவது ஞாயிறு. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது டக்கென்று அணைந்துவிட்டது. சகலையும் அவர் தம்பியும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வாசலைத் தாண்டும்போது சகலை சிரித்த மாதிரி இருந்தது.

அந்தச் சிரிப்பை அவன் மறக்கமாட்டான்.

யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பால்காரர் ஊற்றும்போது குனிந்து அளவைப் பார்க்கிற ஆள் அவன். முதலில் கடைக்காரரைச் சந்தேகப்பட்டான், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று. அப்புறம் மாட்டிக்கொடுத்த சகாயத்தை. போன வாரத்திலிருந்து சகலையை. அவர் வீட்டில் இருப்பது வெறும் டிவி. வயிறு எரியாமல் இருக்குமா?

இப்போது மின்தடை அளக்கிற மீட்டர் அவன் கையில் இருக்கிறது.

ரிசீவரை அணைத்தான். பின்னால் போய் ஒயர்களைக் கழற்றி ஒவ்வொரு ஸ்பீக்கராக அளந்தான்.

இடது, ஆறு. வலது, ஆறு. எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு சொச்சம்தான் காட்டும். அது அவனுக்குத் தெரியும்.

நடு ஸ்பீக்கர், இரண்டு.

மறுபடி அளந்தான்.

இரண்டுதான்.

ஒற்றை ஸ்பீக்கர் இவ்வளவு கீழே இறங்காது. அதே ஒயரில் இன்னொன்று தொங்குகிறது. ஒன்றுக்குக் கொடுக்க வேண்டியதை இரண்டுக்கும் சேர்த்து இறைத்து, சூடு தாங்காமல் ரிசீவர் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது.

அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சந்தேகம் வீண்போகவில்லை.

ஆனால் ஏன் நடு ஸ்பீக்கர்? இசையும் இடியும் பக்கவாட்டில் அல்லவா வரும்? நடுவில் வருவது பெரும்பாலும் பேச்சு.

இந்த வீட்டில் யாருக்கு வேண்டும் பேச்சு?

கட்டரை எடுத்துக்கொண்டு ஒயரோடு போனான்.

டிவி பலகைக்குப் பின்னால் ஒட்டுப் போட்டிருந்தது. சுற்றியிருந்தது இன்சுலேஷன் டேப் இல்லை. புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.

சகாயம் இப்படிச் செய்யமாட்டான்.

அங்கிருந்து மெல்லிய வெள்ளை ஒயர் ஒன்று சுவரோரமாகப் போனது. சாணுக்கு ஒரு கிளிப். நிதானமாக, யாரும் இல்லாத நேரத்தில் செய்த வேலை. கதவு நிலை மேல் ஏறி, சமையலறைக்குள் இறங்கியது.

அவன் அந்தப் பக்கம் போவதில்லை. தண்ணீர்கூட அவன் இருக்கிற இடத்துக்கு வந்துவிடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இரைந்தது. மனைவி சுகந்தி அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். விருந்தாளிகள் போனது தெரியாமல் போட்ட இரண்டாம் ஈடு பஜ்ஜி எண்ணெயில் கிடந்தது.

மேல் தட்டில் புளி ஜாடிக்குப் பின்னால் ஒயர் முடிந்தது. ஜாடியை நகர்த்தினான்.

பழைய காரை விற்குமுன் கழற்றிப்போட்ட ஸ்பீக்கர். தூசி துடைத்து, காது உயரத்தைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தது. பின்னால் அச்சடித்திருந்தது: 4 ஓம்.

கட்டரை ஒயரில் வைத்தான்.

இரண்டையும் வரிசையாகக் கோத்திருந்தால் எட்டும் நாலும் பன்னிரண்டு. ரிசீவர் தாங்கியிருக்கும். அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவனிடம் கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அவள் திரும்பினாள். ஒயரைப் பார்த்தாள். கட்டரைப் பார்த்தாள். பயந்துவிடுவாள் என்று நினைத்தான்.

"ஏங்க, அந்தப் பொண்ணு கடைசில பொழைச்சுட்டாளா? சரியா அந்த எடத்துல நின்னுபோச்சு."

அவன் யோசித்துப் பார்த்தான்.

மூன்று வாரமாக அவன் பார்த்தது ரிசீவரின் சின்னச் சிவப்பு விளக்கை. இல்லையென்றால் சகலையின் முகத்தை.

வெட்கமாக இருந்தது.

"எந்தப் பொண்ணு?" என்றான்.

அவள் பஜ்ஜியை அரித்தெடுத்தாள். அடுப்பை அணைத்தாள், ஃபேனையும் அணைத்தாள்.

பிறகு, படம் முழுக்கத் திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு, முதலிலிருந்து கதை சொல்ல ஆரம்பித்தாள்.