பல்லுக்கு நடுவில் விரல்

வேலி வெட்டும் மிஷினின் பற்களுக்கு நடுவில் அவனுடைய மூன்று விரல்கள் இருந்தன.

அவையாகப் போகவில்லை. அவன்தான் விட்டிருந்தான்.

செம்பருத்தி வேலியை வெட்டப் போனவன் துணி காயப்போடும் கொடியையும் சேர்த்து வெட்டிவிட்டான். நைலான் கயிறு. சும்மா விடுமா? இரண்டு வரிசைப் பற்களுக்கும் இடையில் புகுந்து சுற்றிக்கொண்டது. மிஷின் முனகியது. பல் அசையவில்லை.

மிஷின் கைப்பிடியிலிருந்த விசையை அழுத்தி அழுத்திக் கை வலிக்கிறதென்று அதை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டியிருந்தான். சொந்தக் கண்டுபிடிப்பு.

கூடத்துச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைக்கத்தான் எழுந்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மிஷின் முனகலை நிறுத்தியது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஊருக்கே அணைத்துவிட்டார்கள். அவன் வேறு தனியாக எதற்கு?

உள்ளே போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூடத்தில் அவன் மனைவி உலகம்மை இருந்தாள். வேலி வெட்ட ஆள் கூப்பிடலாம் என்று அவள் சொல்ல, எனக்கென்ன கை இல்லையா என்று இவன் கத்த, காலையிலிருந்து பேச்சு இல்லை. தோசை மட்டும் வந்தது. சட்னி வரவில்லை.

கத்தியால் அறுத்துப் பார்த்தான். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தான். கடைசியில் விரலையே விட்டு இழுத்தான்.

கயிறு முழுசாகக் கழன்று வந்தது. பல் விடுபட்டு லேசாக ஆடியது.

பரவாயில்லையே நீ, என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

கரண்ட் வந்தது.

பக்கத்து வீட்டு டிவி அலறியது. எங்கோ ஒரு மோட்டார் உறுமியது. கூடத்து மின்விசிறி கடகடவென்று சுற்றத் தொடங்கியது.

விரல்கள் இன்னும் உள்ளேயே இருந்தன.

எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எடுக்க வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஐம்பது வயசு ஆம்பளை.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தான். ரப்பர் பேண்ட் விசையைக் கவ்விப் பிடித்தபடிதான் இருந்தது.

ஒவ்வொரு விரலாக வெளியே எடுத்தான். ரத்தம் இல்லை.

பிறகு வயரைப் பார்த்தான். அது வாசற்படி தாண்டிக் கூடத்துக்குள் போயிற்று. அதன் பின்னாலேயே போனான்.

சுவரில் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. பிளக் அங்கே இல்லை.

பிளக் உலகம்மையின் கைக்குள் இருந்தது. கீழே, சுவரோரமாக, அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கரண்டு போனதுமே பிடுங்கிட்டேன்." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஒங்கள எனக்குத் தெரியாதா?"



பிளக்கை வாங்கக் கையை நீட்டினான்.

அவள் அதைத் தரவில்லை. கையைத்தான் பிடித்தாள். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சுண்டுவிரல் வரை வந்தாள்.

மறுபடியும் கட்டைவிரலுக்குப் போனாள்.