பட்டையைக் கழற்றும் இடம்

மணிக்கட்டில் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டால் பயமோ துக்கமோ, மனதில் எதுவும் உறைக்காது. மலை ஏறுமுன் கட்டிக்கொள்வதும், அடிவாரம் இறங்கியதும் கழற்றுவதும் எங்கள் கோவை சைக்கிள் குழுவின் வழக்கம். அதனால்தான் லடாக்கில் பனிப்புயல் அடித்தபோதும் நானும் மயில்சாமியும் திரும்பவில்லை. ஒரு வளைவில் அவன் சைக்கிளோடு சறுக்கி, ஆயிரம் அடிப் பள்ளத்தில் விழுந்ததைப் பார்த்தேன். கியரை மாற்றிக்கொண்டு மேலே மிதித்தேன்.

நேற்று அவன் மனைவி தெய்வானை ஃபோனில் கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, உங்களுக்கு அழுகையே வரலீங்களா?”

“பட்டை இன்னும் கையில இருக்குதம்மிணி. கீழ இறங்குனதும் கழட்டிருவேன்.”

“கழட்டுனதும் கூப்பிடுங்கண்ணா. சேர்ந்து அழுகலாம்.”

“சரியம்மிணி” என்றேன்.

நான் அடிவார விடுதிக்கு வந்து மூன்று நாளாகிறது.