பீலிக்குள் பைன் ஊசி

"ஏணி இருக்கோ, அன்ரி?" என்று கேட்டாள் ஆதிரை.

சந்திரகாந்தி கொண்டுவந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். பிராண்டன்பூர்க் பைன் காட்டோரம் மகன் யதுசன் கட்டியிருந்த புதுவீட்டை இதற்கு முன் சம்பந்தம் பேசி வந்து பார்த்த இரண்டு பெண்களும், "காட்டுத்தீ வந்தால் என்ன செய்வியள்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான், திரும்பவில்லை. இவளும் வேண்டாமென்று சொல்லிவிட்டால் இனி யாரைத் தேடுவது?

"காப்புறுதிக்காரர் சொன்னபடி கூரைக்கு ஓடு, வீட்டைச் சுற்றிவரச் சரளைக்கல்லு எல்லாம் போட்டிருக்கிறம், பிள்ளை. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"பார்த்திட்டுக் குடிக்கிறன்."

ஆதிரை ஏணி வைத்துக் கூரைவரை ஏறி, மழைநீர்ப் பீலிக்குள் கையை விட்டாள்.

"முழுக்கக் காய்ஞ்ச பைன் ஊசி இலை, அன்ரி! ஒரு பொறி விழுந்தால் காணும்."

"டேய் யதுசன், கையுறையைப் போட்டுக்கொண்டு ஏறடா!"

"விறகை ஏன் சுவரோட அடுக்கி வைச்சிருக்கிறியள்?"

"அவன் இப்பவே தள்ளி வைப்பான்!"

யதுசன் பீலியைத் துப்பரவாக்கி, விறகு முழுவதையும் வேலியோரம் சுமந்து, வியர்த்து வழிய நின்றான். ஆதிரை வீட்டை இன்னொரு முறை சுற்றி வந்தாள்.

"வீடு எனக்குச் சரி, அன்ரி."

"அப்பாடா! அப்ப கலியாணத்தை ஆவணியில வைப்பமே?"

"பொறுங்கோ! தீயணைப்புப் படையில இருக்கிறவள் வாழப்போற வீடு எரிஞ்சால் எல்லாரும் சிரிப்பினம். அதாலதான் முதல்ல வீட்டைப் பார்த்தனான். மாப்பிள்ளையோட இன்னும் ஒரு வார்த்தை கதைக்கேல்லையே!"

"டேய் யதுசன், முகத்தைக் கழுவிப்போட்டு ஓடி வாடா!"