சோறில்லாத விருந்து

சௌந்தரம் வாணலிக்குள்ளிருந்து உளுத்தம்பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கைப்பழக்கம். எண்ணெய் காய்ந்ததும் கடுகோடு உளுந்தும் விழுந்துவிட்டது. பருப்பு ஒன்றுகூட மாப்பிள்ளையின் இலைக்குப் போகக் கூடாது என்று மகள் இசைவாணி போனில் அடித்துச் சொல்லியிருந்தாள்.

பருப்பு மட்டுமா? சோறு கூடாது, கோதுமை கூடாது, பாலும் சர்க்கரையும் கூடவே கூடாது. மீன், முட்டை, கறி, கீரை, கிழங்கு என்று சாப்பிட வேண்டுமாம். பேலியோ என்று பெயராம். கற்காலத்து மனிதர்கள் அப்படிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மானைத் துரத்தினார்களாம்.

மாப்பிள்ளை செம்பியன் மான் எதையும் துரத்தவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடப் போகிறாராம். அதற்குத்தான் இந்தப் பத்தியம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் மேல்பட்டாம்பாக்கத்துக்கு முதல் விருந்துக்கு வந்திருக்கிறார். ஞாயிறு வரை இங்கேதான் இருப்பு. முதல் விருந்தில் மாப்பிள்ளையின் மனம் கோணினால் அது மகளின் தலையில்தான் போய் விடியும் என்று சௌந்தரத்துக்குப் பயம். காலையில் குளித்து, திருவதிகைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கணவர் சுப்பராயலு அடுக்களை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"கற்காலத்து மாமியாருங்க மாப்ளைக்கு யானையவே அடிச்சிப் போட்டிருப்பாங்க. நீ சங்கரா மீன வச்சிக்கினு நிக்கிற."

இப்படிப் பேசுகிறவருக்குச் சோறு இல்லாமல் ஆகாது. அவருக்கென்று வடித்த சிறிய பானையை, விருந்தாளியின் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைத்துவைத்தாள். திருட்டுச் சாராயத்தைக்கூட யாரும் அவ்வளவு பத்திரமாக மறைத்திருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் இலை போட்டாயிற்று.

சோறு விழ வேண்டிய இடத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்தாள். நல்ல காரியத்தில் சோறில்லாத இலையை அவள் பார்த்ததே இல்லை. சுற்றிலும் மீன் வறுவல், முட்டை, பருப்பில்லாத முருங்கைக்கீரை, மிளகு போட்டு வதக்கிய ஈரல்.

செம்பியன் கிழங்கைப் பார்த்தார். கிழங்கும் அவரைப் பார்த்தது.

ரொம்பப் பிரமாதம் அத்தை என்று சொல்லிவிட்டு, ஊற்றிய மீன் குழம்பில் எதைப் பிசைவது என்று தெரியாமல் விரல்களால் இலையைத் துழாவினார்.

இசைவாணிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருக்குத் துணையாக நானும் என்று உட்கார்ந்தவள், ஈரலை முடித்துவிட்டு இன்னொரு முட்டைக்குக் கை நீட்டினாள். சௌந்தரம் முறைத்தாள். உடனே மாப்பிள்ளை தன் இலையில் இருந்த முட்டையையும் மனைவியின் பக்கம் தள்ளினார். ஓடப் போகிறவருக்கு வைத்ததை இவள் விழுங்குகிறாளே என்று தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசல் படி ஏறுவதற்கே மூச்சு வாங்குகிற மாப்பிள்ளை பத்து கிலோமீட்டர் எப்படி ஓடுவார் என்று சுப்பராயலு சிரித்துக்கொண்டே கேட்டார். பயிற்சி நடக்கிறது மாமா என்றார் செம்பியன். சொல்லும்போது இசைவாணியைப் பார்த்தார். பிறகு கை கழுவுவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

மீன் எடுக்க அடுக்களைக்குள் வந்த சௌந்தரம் அப்படியே நின்றுவிட்டாள்.

மாப்பிள்ளை அரிசி மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தார். மடியில் பானை. வாய் நிறைய வெறும் சோறு.

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் பத்தியமும் பாழாகிறதே என்று பானையைப் பிடுங்கப் போனாள்.

செம்பியன் வாயில் இருந்ததை விழுங்கினார். கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓடப் போறது நான் இல்ல அத்தே, அவதான். தனக்குன்னு கேட்டா நீங்க ஆக்கித் தர மாட்டீங்கன்னு சொன்னா. என் பேரச் சொல்லிக் கேளுன்னு நான்தான் சொன்னேன்."

சௌந்தரம் பானையிலிருந்து கையை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பெண்ணுக்குத் தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று விளையாட்டு வாத்தியார் சொல்லியனுப்பினார். இன்னொரு வீட்டுக்குப் போகிறவளுக்கு எதற்கு என்று சௌந்தரம் அந்த முட்டையை மகனின் தட்டில் வைத்தாள். இசைவாணி அன்று அழவில்லை. இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு ஓடப் போனாள்.

அந்த வாத்தியார் முகம்கூட இப்போது சௌந்தரத்துக்கு ஞாபகமில்லை. முட்டை ஞாபகமிருந்தது.

ஒரு தட்டை எடுத்தாள். பானையில் இருந்த சோறு முழுவதையும் அதில் கொட்டி, நடுவில் குழி செய்து மீன் குழம்பை ஊற்றி, மருமகனின் கையில் கொடுத்தாள். மனைவிக்காகச் சோற்றையே விட்ட மனிதனை எந்தச் சாமியும் பொய்யன் என்று தள்ளிவிடாது என்று அவளுக்குத் தோன்றியது. பாவம் சுப்பராயலு, இன்று அவரும் கற்காலத்துக்குப் போய்விட்டு வர வேண்டியதுதான்.

பிறகு மிச்சமிருந்த வறுவலைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அத்தனையையும் இசைவாணியின் இலையில் கவிழ்த்தாள்.

மகள் திடுக்கிட்டு, அவருக்கு வேண்டாமா என்று கேட்டாள்.

"அவுருக்கு வவுறு ரொம்பிடுச்சாம். நீ முள்ளு பாத்துத் துன்னு" என்றாள் சௌந்தரம். "ஞாயித்துக்கெழம நானும் செதம்பரம் வரேன். மாப்ள ஓடறதப் பாக்கணும்."