யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது

“குட்…” என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள்.

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

பார்க்காமல் என்ன செய்வார்? முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் இங்கிலீஷ் அது.

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தப்பாகச் சொன்னால் திட்டுவாரோ என்று பழைய பயம் வேறு. திட்டினால்கூடத் தேவலை.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரே கிடந்த டியூஷன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

காத்திருந்தாள்.

பக்கவாதம் வந்து எழுபத்திரண்டு நாள் ஆகிறது. கை கொஞ்சம் அசைகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. ஒரு சொல் வரட்டும், மற்றது பின்னாலேயே வரும் என்று சொல்லியிருந்தார் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண். அந்தப் பெண்ணையும் இவர் இன்று காலை வாசலைக் காட்டி அனுப்பிவிட்டார். போதும் என்று அவர் இடது கையை ஆட்டியதில் ஒரு தீர்மானம் இருந்தது.

அதுதான் அவளுக்குப் பயம். இனி முயற்சியே செய்ய மாட்டாரோ?

ஊருக்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த வாய்.

தினமும் சாயங்காலம் இந்தக் கூடத்தில் இருபது பிள்ளைகள் கத்துவார்கள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ரசம் தாளிக்கும்போதே பாதிப் பாடம் மனப்பாடம். அதிலும் குட்டுக்கு அடுத்து வரும் பெட்டர் என்கிற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் வருடா வருடம் மூன்று நாள் ஒதுக்குவார்.

ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தால் பெட்டர். காய்ச்சல் விட்டால் பெட்டர். ‘மரியாதையாப் போயிரு’ என்று அதட்டவும் யூ ஹேட் பெட்டர். பிந்தி வந்தவனைச் சேர்த்துக்கொள்ளவும் பெட்டர் லேட் தேன் நெவர். வீட்டுக்கு மூத்த மருமகள் தோற்றாள் போ, இந்த ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

அவர் பாடம் நடத்தும் விதம் தனி.

பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். மீதியைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். முழித்தால் முழிக்கட்டும். பக்கத்துப் பிள்ளை உதட்டை அசைத்தால்கூடப் பிரம்பு மேசையில் விழும். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

ஒருமுறை சைக்கிள் கடைக்காரர் மகள் விளக்கு வைக்கும் நேரம் வரை நின்றாள். அழைத்துப்போக வந்த தகப்பனையும் வாசலிலேயே நிற்க வைத்தார். அடுப்படியில் இவளுக்கு நாக்கு நமநமவென்றது. கல்நெஞ்சுக்காரர் என்று வைதாள், மனதுக்குள்தான். கடைசியில் அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. சொன்னதும் அது சிரித்த சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது.

இன்று மத்தியானம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தச் சிரிப்பு நினைவு வந்தது.

கை அப்படியே நின்றது.

எழுபத்திரண்டு நாளில் இந்த வீட்டில் அவருக்காக யார் காத்திருந்தார்கள்?

‘கா’ என்று அவர் தொடங்கினால் காப்பி என்று இவள் முடித்துவிடுவாள். மகன் தயாபரன் போனில் கேள்வியும் கேட்டு, அதற்குப் பதிலும் சொல்லிவிட்டு வைப்பான். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளோடு ஆளுக்கு நாலு சொல்லும் கொண்டுவந்து அவர் வாயில் திணித்தார்கள். எல்லாம் பிரியம்தான். அந்தப் பிரியத்தில்தான் எல்லோருமாகச் சேர்ந்து அவர் வாயை அடைத்துவிட்டார்கள். முதல் ஆள் இவள்தான்.

கையைக் கழுவிக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்தாள். வந்து சொன்னதுதான் அந்தக் குட்.

அவர் உதடு குவிந்தது. பிரிந்தது. காற்று மட்டும் வந்தது.

அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெற்றி நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. எடுத்துக் கொடேன் என்று அந்தக் கண் கெஞ்சியது. அவர் எதற்கும் அவளிடம் கெஞ்சியதில்லை.

“நிதானமாச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

தெருவில் தண்ணீர் லாரி வந்தது. குடங்கள் சண்டை போட்டன. லாரி போய்விட்டது.

இரண்டு நாளைக்கு இனித் தண்ணீர் கிடையாது. அவள் எழவில்லை.

அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அதற்கும் எழவில்லை.

“பெ…”

அவள் மூச்சு விடவில்லை.

“பெ… ட்டர்.”

குழறல்தான். இருக்கட்டும். அவரே தேடி எடுத்தது.

அவள் அழுதாள். வாசலில் போகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே அழுதாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அடுப்படிப் பக்கம் பார்த்தார். தீய்ந்த வாடை கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது. மறுபடி நெற்றி சுருங்கியது. உதடு மூடியது.

இப்போது அவள் எதையும் கேட்டிருக்கவில்லை.

“பா…” என்றார்.

ஒரு லிட்டரும் போய்க்கொண்டிருந்தது.

போனால் போகட்டும் என்று அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.